நெற்றியைப் பார்த்து நம்பினார்கள்

அல்சூர் ஏரிக்குப் போகிற வழியில், கோயிலுக்கு முன்னால், அந்த நாளில் பூக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தியிடம் தனம் அக்கா பேரம் பேசிக்கொண்டிருந்தாள். மல்லிகை வாடியிருக்கிறது, கையை நீட்டி அள என்றாள். பூக்காரி சளைக்கவில்லை.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பூவுக்குப் போயி மூக்கால அழுவுறியே தாயீ. வூட்டுக்காரரு நல்லா இருக்கணும்னு நெனச்சு வாங்கி வெச்சுக்க."

தனம் அக்கா சிரித்தாள். பூவை வாங்கி அங்கேயே தலையில் வைத்துக்கொண்டாள். செருக ஊசி இல்லை என்றாள். என் கொண்டையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன்.

அவளுடைய வீட்டுக்காரர் வேலாயுதம் செத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், நான், என் அப்பா.

காக்கித் துணி

யுத்த காலத்துக் கண்டோன்மென்டைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். தெருவெல்லாம் சோல்ஜர்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம். கிருஷ்ணாயிலுக்கு க்யூ, அரிசிக்கு க்யூ. காந்தியைப் பிடித்து உள்ளே போட்ட பிறகு ஊரில் தினம் ஒரு கலாட்டா. இந்தப் பக்கம் மாணவர்கள் கல்லெறிவார்கள், அந்தப் பக்கம் லாரி லாரியாகப் பட்டாளம் போகும்.

அந்தப் பட்டாளத்துக்குச் சட்டை தைத்தவர்கள் நம்மவர்கள். இன்று சிவாஜிநகர் என்கிறீர்களே, அதற்கு அன்று பிளாக்பள்ளி என்று பெயர். அங்கே ஒரு காண்டிராக்டர் நீளமாக ஒரு ஷெட் போட்டு, தையல்காரர்களை வரிசையாக உட்காரவைத்து, காக்கி யூனிபாரம் தைத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஷெட்டுக்குக் கட்டிங் மாஸ்டர் வேலாயுதம். துணியின் மேல் சாக்கட்டியை ஓடவிட்டு அவர் கத்திரி பிடித்தால் அது தயங்கி நின்று நான் பார்த்ததில்லை.

தைத்த சட்டைகள் மூட்டை மூட்டையாகப் பெண்களிடம் வரும். பொத்தான் நுழைகிற ஓட்டைக்கு ஓரம் கட்டித் தைப்பதற்குக் காஜா என்று பெயர். அது வீட்டுப் பெண்கள் வேலை. மாஸ்டரின் சம்சாரம் தனம் அக்காதான் மூட்டைகளைச் சந்து சந்தாகக் கொண்டுபோய்க் கொடுத்து, முடிந்ததை வாங்கி வருவாள். நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரி உடுப்புகளுக்கும் அவள்தான் காஜா எடுத்துக் கொடுத்தாள். அப்படித்தான் எனக்குப் பழக்கம்.

அந்த ஆகஸ்டில் வேலாயுதம் ஷெட்டில் எழுந்து நின்று, இனி இந்த யுத்தத்துக்கு நாம் துணி வெட்டுவதில்லை என்றார். அத்தனை பேரும் அவர் பின்னால் வெளியே வந்தார்கள். போலீஸ் வந்தது. பாதிப் பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேலாயுதம் தப்பித்துவிட்டார். வெளியே எஞ்சியவர்கள் அன்றே கற்பூரத்தின் மேல் கையடித்தார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே வரும்வரை காக்கித் துணியில் ஊசி ஏற்றுவதில்லை என்று சத்தியம்.

சத்தியம் செய்வது சுலபம். மறுநாள் அடுப்பு எரிய வேண்டுமே. அதைத் தனம் அக்கா பார்த்துக்கொண்டாள். துணிக்கடைகளில் ஏறி இறங்கி ரவிக்கை, பாவாடை, தலையணை உறை என்று கிடைத்த வேலையையெல்லாம் வாங்கி வீடு வீடாகப் பங்கு போட்டாள். ஜெயிலில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு முதல் பங்கு. அந்த மூட்டைகளுக்குள்ளேயே அச்சடித்த நோட்டீசும் போகும். பாவாடை மூட்டையைப் பிரித்துப் பார்க்க எந்தக் கான்ஸ்டபிளுக்கும் கூச்சமாக இருந்தது.

ஆனால் அவள் எதைச் சொன்னாலும், "அவரு சொல்லச் சொன்னாரு" என்றுதான் தொடங்குவாள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் ஒரு ஆண்பிள்ளைகூடக் காது கொடுக்க மாட்டான். ஊசி பிடிக்கிற பயல்களுக்கு மீசை மட்டும் ஜமீன்தார் மீசை.

எங்கள் வீட்டு ராஜா படம்

போன வாரம் என் அப்பாவைப் பற்றியும் அவருடைய கர்னல் துரையைப் பற்றியும் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா பட்லர். துரை சீமைக்குப் போன பிறகும் கோட்டைக் கழற்றாத பட்லர். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டு ஹாலில் ஆண்டவரின் திருஇருதயப் படமும் சக்கரவர்த்தி படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஊதுவத்தியை முதலில் எதற்குக் காட்டுவது என்பதில் அப்பாவுக்கே அவ்வப்போது குழப்பம் வரும். அந்தத் தெருவில் போலீஸ் சந்தேகப்படாத வீடு ஒன்று உண்டென்றால் அது எங்களுடையதுதான்.

அதனால்தான் தனம் அக்கா வேலாயுதத்தை அங்கே கொண்டு வந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஒளிந்து திரிந்த இடத்தில் குடித்த தண்ணீர் சரியில்லை. பார்த்தவுடனே எனக்கு டைபாய்டு என்று தெரிந்தது.

அப்பா என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியவில்லை. அவர் வாசலில் நின்று வேலாயுதத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் கோட்டைத் தொட்டுக்கொண்டு, இதற்குத் தோள் வெட்டியவன் நீதானே என்றார். பின்கட்டு அறையைத் திறந்துவிடச் சொன்னார். ராத்திரி ஜெபத்தில் சக்கரவர்த்தியின் ஆரோக்கியத்துக்காக வழக்கம்போல வேண்டிக்கொண்டார். கூடவே பின்கட்டில் இருப்பவனுக்காகவும் வேண்டிக்கொண்டார்.

இன்றைக்கு டைபாய்டு என்றால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அன்று மருந்து ஏது? துணியை நனைத்துப் போட வேண்டும், பார்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும், ஆண்டவரிடம் கேட்க வேண்டும். மூன்றையும் குறைவில்லாமல் செய்தேன். மூன்றாவது வாரம் குடல் ஓட்டையாகிவிட்டது. ஒரு மத்தியானம், தனம் அக்கா தலையைத் தாங்கிப் பிடித்திருக்கும்போதே போய்விட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரின் மச்சினன் குடியிருந்தான்.

அந்தோணி

பிணத்தை எங்கே கொண்டுபோவது? சொந்தக்காரர்களுக்குச் சொன்னால் ஊருக்கே தெரியும். அப்பாதான் வழி சொன்னார். கோலாரிலிருந்து வந்த என் தங்கை மகன் அந்தோணி என்று சொல்லிவிடலாம் என்றார். சர்டிபிகேட் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். கொடுத்தவருக்குச் செத்தது யாரென்று தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பார். பாதிரிச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்தார். அப்பா கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

தனம் அக்கா கல்லறைக்கு வரவில்லை. பொட்டும் தாலியுமாக ஒரு இந்துப் பெண் அந்தோணிக்கு என்ன உறவு என்று கேள்வி வரும். பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பி வந்ததும், எங்கள் சனத்திலும் புதைப்பதுதான் வழக்கம், அதனால் பரவாயில்லை என்றாள். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகத்தான் அதைச் சொன்னாள்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண்ணாடி கேட்டாள். குங்குமம் வைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். அக்கா என்ன செய்கிறாய் என்று கையைப் பிடித்தேன்.

"பிலோமி, நான் தாலியறுத்துட்டு மூலையில குந்திட்டா யாரு மூட்டை கொண்டுபோவா? வெதவை எதுர வந்தா கத்திரியவே தொடமாட்டானுங்க எங்காளுங்க. அவரு இல்லன்னு தெரிஞ்ச மறுநாளே மேஸ்திரி ஷெட்டைத் தொறந்துடுவாரு. உள்ள இருக்கிறவங்க கதி?"

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் விதவைகள் கறுப்பு உடுத்துவார்கள், பூசைக்கு வருவார்கள், கடைக்குப் போவார்கள், வேலைக்கும் போவார்கள். அவர்கள் சனத்தில் அப்படி இல்லை. அறுத்தவள் மாதக்கணக்கில் வெளிச்சம் பார்க்கக் கூடாது. அவள் சொன்னது சரிதான். ஆனாலும் அந்தக் குங்குமத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

பெட்டைக் கோழி

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மேஸ்திரி என்று அவள் சொன்னது முனிசாமியை. வயதில் மூத்த தையல்காரர். வேலாயுதம் தலைமறைவான பிறகு தானே அடுத்த ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். கெட்டவர் இல்லை. பெண் சொல்லி நடப்பது அவருக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது, அவ்வளவுதான். காண்டிராக்டர் ஆள் விட்டிருந்தார். வேலைக்கு வந்தால் கூலி கூட்டித் தருகிறேன், வராவிட்டால் மதராஸிலிருந்து தையல்காரர்களை இறக்குகிறேன் என்று சேதி. பாதிப் பேர் மனம் தளர்ந்துவிட்டார்கள்.

எல்லாரையும் ஏரிக்கரைப் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டிருந்தார் முனிசாமி. பூவை வைத்துக்கொண்டு தனம் அக்கா அங்கேதான் போனாள். பிள்ளைகளுக்குச் சொறி மருந்து கொடுக்கும் நர்ஸம்மா என்பதால் என்னை யாரும் போ என்று சொல்லவில்லை.

முனிசாமி சுற்றி வளைக்கவில்லை. பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியும் என்று ஆரம்பித்தார். நாலு பேர் சிரித்தார்கள். இத்தனை நாள் மாஸ்டர் சொன்னார், மாஸ்டர் சொன்னார் என்று கேட்டாயிற்று. இனி மாஸ்டரை நேரில் பார்க்காமல் பட்டினி கிடக்க முடியாது என்றார். தனம் அக்கா பொறுமையாகப் பதில் சொன்னாள். இடத்தைச் சொன்னால் நாளைக்கே அங்கே போலீஸ் நிற்கும் என்றாள்.

"அப்ப அவன் உசுரோட இருக்கான்னு நாங்க எப்டிம்மா நம்பறது?"

கூட்டம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது.

தனம் அக்கா தலையில் போட்டிருந்த முந்தானையைப் பின்னால் தள்ளினாள். இரண்டடி முன்னால் வந்து முகத்தை நிமிர்த்தினாள்.

"அண்ணே, என் நெத்தியப் பாருங்க. வேலாயுதம் பொண்டாட்டி நெத்தி இது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் உங்களுக்கு?"

முனிசாமி பார்த்தார். காலணா அகலத்துக்குக் குங்குமம், மஞ்சள் பூசிய முகம், தலையில் மல்லிகை. தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். எந்தப் பொய்யையும் சொல்வாள் ஒருத்தி, ஆனால் இந்தப் பொய்யைச் சொல்ல மாட்டாள் என்று அவர்களுக்கு நிச்சயம். அப்படிப்பட்ட பொய் ஒன்று இருக்கக்கூடும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

அவள் புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லி அன்றுதான் கேட்டேன். ரோஷத்தில் சொல்லிவிட்டாள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். பேரைச் சொன்னால் புருஷனின் ஆயுசு குறையும் என்பார்கள் அவர்கள் சனத்தில். இனிமேல் அவருக்குக் குறைய என்ன இருந்தது?

அன்று ஒருவரும் ஷெட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்த வாரமும் இல்லை, அடுத்த மாதமும் இல்லை. மதராஸிலிருந்து ஆட்கள் வந்தபோது காஜாப் பெண்கள் மூட்டையைத் தொட மறுத்தார்கள். பொத்தான் போட முடியாத சட்டைகள் ஷெட்டில் மலையாகக் குவிந்தன. அந்த யோசனையும் "அவரு" சொன்னதாகத்தான் வந்தது. மாஸ்டர் மூளையே மூளை என்று முனிசாமி என்னிடமே மெச்சிக்கொண்டார். நான் மருந்துப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லறைத் திருநாள்

நவம்பர் பிறந்ததும் எங்களுக்குக் கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாக இருக்கும். அன்று அங்கே யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் அழலாம். இந்துக்களும் சிநேகிதர்களுக்காக வருவார்கள். நான்தான் தனம் அக்காவை வற்புறுத்தி அழைத்துப்போனேன்.

மரச் சிலுவையில் அந்தோணி என்று எழுதியிருந்தது. மழைக்கு மண் உள்வாங்கியிருந்தது. அவள் குனிந்து கையாலேயே மண்ணை அள்ளிப்போட்டு மேடாக்கினாள். நான் கொடுத்த மெழுகுவர்த்தியை ஏற்றி நட்டாள். அது காற்றில் அணைந்துகொண்டே இருந்தது, அவளும் ஏற்றிக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கல்லறையில் ஒரு ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரம்மா விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.

அழுதுவிடு அக்கா, இங்கே யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்றேன்.

"போற வழியில மூணு வீட்டுக்கு மூட்டை குடுக்கணும் பிலோமி. கண்ணு செவந்திருந்தா கேப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மண் ஒட்டிய கையை என் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்குச் சேர்த்து நான் அழுதேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

பொட்டில்லாமல் வந்தாள்

பொங்கல் கழிந்து, மாசி பிறந்தபின், ஜெயிலில் இருந்தவர்களை விட்டார்கள். உடம்பெல்லாம் எலும்பும் சிரங்குமாக வந்தார்கள். பிளாக்பள்ளிச் சந்துகளில் மேளம் வைத்து அழைத்தார்கள். இனி மாஸ்டரும் வெளியே வரலாமே, எப்போது வருகிறார் என்று எல்லார் வாயிலும் இதே கேள்வி.

அன்று சாயங்காலமே தனம் அக்கா அவர்கள் முன்னால் வந்து நின்றாள். வெள்ளைப் புடவை. வெறும் நெற்றி. வெறும் கழுத்து. மேளக்காரன் தானாக நிறுத்திவிட்டான். அவள் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். தேதி சொன்னாள், இடம் சொன்னாள்.

முனிசாமி திண்டாடிப்போனார். அப்படியானால் மதராஸ் ஆட்கள் விஷயத்தில் யோசனை சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் அண்ணே என்றாள். பங்கு பிரித்தது? நான்தான். நோட்டீசில் எழுதியது? அதையும் நான்தான் சொல்லி எழுதவைத்தேன் என்றாள்.

பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடிந்துவிட்டது. விடிந்த பொழுதை என்ன செய்ய முடியும்? ஒருவரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. ஜெயிலில் இருந்து வந்த ஒரு பையன் மட்டும் அழுதான். மற்றவர்கள் பேசியதெல்லாம் ஒன்றே ஒன்று. புருஷன் செத்தும் பூ வைத்துக்கொண்டு திரிந்தாளே. அடுத்த மாதம் தையல்காரர் சங்கம் வைத்தபோது முனிசாமி தலைவரானார். அறுத்தவளை நல்ல காரியத்தில் முன்னால் நிறுத்தக் கூடாதாம்.

சுதந்திரம் வந்தபின் ஒரு விழா மலர் போட்டார்கள். தலைமறைவாக இருந்தபடியே கடைசி நாள்வரை போராட்டத்தை நடத்தினார் வேலாயுதம் மாஸ்டர் என்று அதில் அச்சாகியிருந்தது. செத்தவன் நடத்தினான் என்றால் நம்புகிறார்கள். அந்த மலரை அடுப்பில் போட்டேன். இன்னும் கோபம் ஆறவில்லை.

இதுவரை சொல்லாமல் விட்டது

ஆனால் தனம் அக்காவை உடைத்தது இந்த ஆண்பிள்ளைகள் இல்லை. அவர்களை அவள் பொருட்படுத்தவே இல்லை. அவளுக்கு ஒரு மாமியார் இருந்தார். அந்த அம்மாவைப் பற்றி இதுவரை நான் எழுதவில்லை. எழுதப் பேனா ஓடவில்லை.

வேலாயுதத்தின் தாயார். ஒரே பிள்ளை. பிள்ளை காய்ச்சலோடு எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்று மட்டும் தெரியும். அந்த அம்மாவிடம் சொன்னால் தெருவே கேட்கும்படி அழுவார், அடக்க முடியாது. அதனால் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த அம்மா ஏதாவது ஆக்கி, தூக்குச் சட்டியில் போட்டு மருமகளிடம் கொடுப்பார். அரிசி கிடைக்காத காலத்தில், தான் தின்னாமல் மிச்சம் பிடித்துக் கொடுப்பார். முதலில் கஞ்சி. அப்புறம் ரசம் சோறு. அப்புறம் குழம்பு.

தனம் அக்கா அதை எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குக் கொண்டுவருவாள். அவர் செத்த அறையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். கொட்ட மனசு வராது. அவளுக்குப் பசியும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வெறும் சட்டியோடு வீட்டுக்குப் போனால் அந்த அம்மா கேட்பாராம், என்ன சொன்னான் என் பிள்ளை? ஒன்றும் சொல்லவில்லை என்று எத்தனை வாரம் சொல்ல முடியும்? ஒருநாள், உப்பு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார் என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

சங்கதி வெளிப்பட்ட அன்று, ஆண்களிடம் பேசிவிட்டு வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். சேதி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த அம்மா அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மருமகளின் நெற்றியைப் பார்த்தார். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்கவில்லை. எப்படிச் செத்தான் என்றும் கேட்கவில்லை.

"உப்புப் பத்தலன்னது யாரு?"

"நான்தான் அத்தே."

அந்த அம்மா, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"ஜொரக்காரனுக்கு நாக்கு செத்துக் கெடக்கும். உப்பு ஒறப்பு தெரியாது. என் புள்ள உப்பு கேக்கறான்னு நீ வந்து சொன்னன்னிக்கு, ஜொரம் உட்டுடுச்சுன்னு மாரியாத்தாளுக்குப் பொங்க வெச்சேன்டி."

அத்தனை மாதம் அடக்கியது அப்போதுதான் வெளியே வந்தது. தனம் அக்கா அப்படியே தரையில் விழுந்து, மாமியாரின் காலைக் கட்டிக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி கதறினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். சாவு வீட்டில் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவதுதான் முறை. அந்த அம்மா இப்போது குனிவார், இப்போது அவள் தலையைத் தொடுவார் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

விளக்கு வைக்கும் நேரம்வரை நின்றேன். அந்த அம்மா தொடவில்லை.